தண்டின் விளிம்பில் திராட்சைக் கொடி

மாசி மாதம் பிறந்ததும் பெங்களூர்ப் பிரேசர் டவுனின் தெருமுனைகளில் நிற்கும் தள்ளுவண்டிகள் நிறம் மாறிவிடுகின்றன. ஆரஞ்சும் கொய்யாவும் ஒதுங்க, அவற்றின் இடத்தில் கருநீலத் திராட்சை குவிகிறது. பழம் சிறியது, தோல் தடித்தது, வாயில் வைத்து அழுத்தினால் சதை வழுக்கிக்கொண்டு நாவில் விழ, தோல் விரலிடையே தங்கிவிடும். உள்ளே விதையும் உண்டு. மணமோ, பச்சைத் திராட்சைக்கு இல்லாத ஒரு காட்டு மணம். பழக்கமில்லாதவர் முதலில் முகம் சுளிப்பர். பழகியவரோ வேறு திராட்சையைத் திராட்சை என்றே ஒப்பமாட்டார். 'பெங்களூர் புளூ' என்பது இதன் பெயர். வண்டிக்காரர் அவ்வளவெல்லாம் சொல்வதில்லை. 'கறுப்புத் திராட்சை' என்று கூவி விற்றுவிடுவார்.

ஊரின் பெயரைத் தாங்கிய கனிகள் நம் நாட்டில் வேறும் உண்டு. நாகபுரி ஆரஞ்சை எல்லோரும் அறிவர். ஆயினும் இந்தப் பெங்களூர்த் திராட்சையின் கொடியை இன்றைய பெங்களூர் நகரத்துக்குள் தேடிப் புறப்படுபவர், பெரும்பாலும் மாலை வரை அலைந்து வெறுங்கையோடு வீடு திரும்ப நேரும். கொடி நகரத்தை விட்டு வெளியேறி, வடக்கே தேவனஹள்ளி, தொட்டபள்ளாபூர், சிக்கபள்ளாபூர் வட்டங்களின் சிற்றூர்களில் குடியிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, எவ்வாறு வாழ்ந்தது, ஏன் நகர்ந்தது என்பனவே இங்கு நாம் பேச எடுத்துக்கொண்ட செய்திகள். பிறந்த ஊர் ஒன்று, பிழைக்கும் ஊர் வேறொன்று என்றாகிவிட்ட அன்பர்களுக்கு இக்கதை அயலாகத் தோன்றாது என்று நம்புகிறோம்.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது தவிர்க்க முடியாத பலவீனம். 'திராட்சை' வடசொல் வழியாக வந்தது. நம் அகராதிகள் 'கொடிமுந்திரி' என்றும் ஒரு பெயரைத் தருகின்றன. கொட்டைமுந்திரி வேறு, இது வேறு. கனிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அதிலிருந்து இறக்கும் ஒயினுக்குத் தமிழ் யாது? 'மது' என்று எழுதினால் கள்ளும் சாராயமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. 'திராட்சரசம்' என்றால் வேதாகமத்தின் நடை வந்துவிடுகிறது. தவிர, வெறும் பழச்சாற்றுக்கும் அச்சொல்லே வழங்குகிறது. 'தேறல்' என்பது சங்கப் புலவர் ஆண்ட அழகிய சொல். அலுவலகக் கோப்பில் அதை எழுதினால் மேலதிகாரி அடிக்கோடிட்டு ஒரு கேள்விக்குறியும் போட்டு அனுப்புவார். ஆகவே நாமும் 'ஒயின்' என்றே எழுதிச் செல்வோம்.

இச்சொற்குழப்பத்துக்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. தமிழகம் ஒயினை அறிந்தது பண்டமாகவே அன்றிப் பயிராக அன்று. யவனர் கப்பலில் வந்திறங்கிய மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. சாடி வந்தது, அதனுள் சரக்கு வந்தது, சொல்லும் வழங்கியது. கொடி மட்டும் வரவில்லை. அது தக்காணத்துக்கு வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் பின்னரே வந்தது. பதினான்காம் நூற்றாண்டில் தௌலதாபாத்துக்கு வந்த இபன் பதூதா, அங்கே திராட்சையும் மாதுளையும் ஆண்டுக்கு இருமுறை காய்ப்பதாக வியந்து எழுதினார். 'இருமுறை' என்னும் இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பெங்களூர்க் கதைக்கு அது வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் சேலம், மதுரைச் சீமைகளில் பிரெஞ்சுக் கிறித்தவ குருமார் 1832-ஆம் ஆண்டையொட்டித் திராட்சையை நட்டனர் என்பது தோட்டக்கலை வரலாற்றில் வழங்கும் செய்தி. அந்த மரபின் இன்றைய பெருமைக்குரிய பிள்ளை கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பெங்களூர்த் திராட்சையின் குலமோ வேறு. பாரசீகத்திலும் பிரான்சிலும் பயிராகும் ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று அது. தாவர நூலார் இதனை அமெரிக்காவின் 'இசபெல்லா' வகையோடு ஒன்றாகக் கருதுவர். அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் இரத்தம் ஓடும் இந்த இசபெல்லாவை, நியூயார்க்கை அடுத்த பிளஷிங் என்னும் ஊரில் நாற்றுத் தோட்டம் வைத்திருந்த வில்லியம் பிரின்ஸ் 1816-ஆம் ஆண்டில் வெளியுலகுக்குக் கொணர்ந்தார். தோட்டத்தில் இக்கொடியை வளர்த்துவந்த இசபெல்லா கிப்ஸ் என்னும் அம்மையாரின் பெயரே கொடிக்கும் ஆயிற்று. வாயில் வழுக்கும் சதையும், முன்சொன்ன காட்டு மணமும் அந்த அமெரிக்கத் தாய்வழிச் சீதனம்.

ஐரோப்பா இவ்வகைக் கொடிகளை முதலில் ஆவலோடு வரவேற்று, பின்னர் அவமதித்தது. அமெரிக்கக் கொடிகளோடு கப்பலேறிய ஒரு சிறு வேர்ப்பூச்சி 1860-களிலிருந்து பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்ததும், பின்பு அதே அமெரிக்கக் கொடிகளின் வேரில் ஐரோப்பியக் கொடிகளை ஒட்டுக்கட்டித்தான் பிழைக்க முடிந்ததும் உலகறிந்த கதை. இசபெல்லாவை வேருக்காக அன்றிக் கனிக்காகவும் சிலர் பயிரிட்டனர். 1934-இல் பிரெஞ்சு அரசாங்கம் தரக்குறைவையும் மிகை விளைச்சலையும் காரணமாகக் காட்டி ஆறு வகைகளை ஒயினுக்கு ஆகாதவை என்று விலக்கியது. அவற்றுள் இசபெல்லாவும் ஒன்று. ஐரோப்பியப் பந்தியில் இடம் மறுக்கப்பட்ட இதே கொடி, பெங்களூரைச் சுற்றிய செம்மண்ணில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றி, அந்த மண்ணின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. குடிபெயர்ந்தவர்களுக்கு இது புதுமையான செய்தி ஆகாது.

இனி ஊரைப் பார்ப்போம். பெங்களூர்த் தமிழர் கன்டோன்மென்ட்டைத் 'தண்டு' என்பர். கன்னடத்திலும் 'தண்டு' என்றே வழங்கும். தண்டு என்றால் படை. செடியின் தாளுக்கும் அதுவே பெயர் என்பது நம் மொழியின் விளையாட்டு. 1791-இல் கார்ன்வாலிஸ் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அங்கே நிறுத்தப்பட்டிருந்த படை காய்ச்சலில் மடிந்ததால் 1809-இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. சென்னைப் பட்டாளத்தோடு சிப்பாய்கள் வந்தனர். அவர்கள் பின்னே ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து துணி வணிகரும், ஒப்பந்தக்காரரும், தச்சரும், கொத்தரும், சமையல்காரரும் வந்தனர். அல்சூரின் ஆர்க்காட்டு நாராயணசாமி முதலியார் ஒப்பந்தத் தொழிலில் பொருளீட்டி, 1873-இல் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரைச் சொல்லி நிற்கிறது.

ஆனால் தமிழ்க்குடி இங்கே படையோடுதான் முதன்முதல் வந்தது என்று நினைத்தல் பிழை. கோலாரையும் பெங்களூரையும் உள்ளிட்ட இந்நிலப்பகுதி சோழர் ஆட்சியில் 'நிகரிலிச் சோழ மண்டலம்' எனப்பட்டது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இன்று சிவாஜி நகர் எனப்படும் பகுதிக்குப் 'பிளாக்பள்ளி' என்பது பழைய பெயர். கறுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. செஞ்சிப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்க் கிறித்தவர் அங்கே வெள்ளை நெல் விளைவித்தனர் என்றும், 'பிளி அக்கி பள்ளி', அதாவது வெள்ளரிசிச் சிற்றூர் என்பதே வெள்ளையர் வாயில் அவ்வாறு திரிந்தது என்றும் கூறுவர். வெள்ளரிசி கறுப்பானது ஒருபுறமிருக்க, இதில் நாம் கருத வேண்டிய செய்தி மற்றொன்று: நகரின் நெருக்கத்துக்கெல்லாம் நடுவிலுள்ள சிவாஜி நகர், ஒருகாலத்தில் நகரின் விளிம்பில் தமிழர் உழுத வயல்.

அந்த விளிம்பு அடுத்து நகர்ந்தது கொள்ளைநோயால். 1898-இல் பெங்களூரில் பிளேக் புகுந்தது. மன்னர் ஆட்சிக்குட்பட்ட பெங்களூர் நகரத்தார் பசவனகுடியிலும் மல்லேசுவரத்திலும் புதிய பேட்டைகளை வளர்த்தனர். கன்டோன்மென்ட்டோ 1881 முதலே 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' என்னும் பெயரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கீழ் இருந்தது. அங்கே நெருக்கடியான சந்துகளில் எலியும் மனிதனும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். அச்சந்துகளை நெகிழ்த்தவே வடக்கே வெற்றுவெளியில் 1906-க்கும் 1910-க்கும் இடையில் பிரேசர் டவுன் உருவாயிற்று. இளம் மன்னராக இருந்த நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராய் இருந்து, பின் ரெசிடெண்டான ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. எலி புகாத வீடு எவ்வாறு கட்டுவது, காற்றோட்டத்துக்குத் தெருவை எவ்வாறு விடுவது என்றெல்லாம் திட்டமிட்ட பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ், தம் அனுபவத்தை 1914-இல் நூலாகவே வெளியிட்டார். அவர் பெயரால் இன்றும் பிரேசர் டவுனில் ஒரு சாலை உண்டு. 1947 ஜூலையில் ஸ்டேஷன் மைசூர் அரசுக்குத் திரும்பியது. 1949-இல் இரு நகரங்களும் ஒரே மாநகராட்சியாயின. பிரேசர் டவுனுக்குப் பின்னர்ப் புலிகேசி நகர் என்று பெயர் மாற்றினார்கள். ஆட்டோக்காரரிடம் எந்தப் பெயரைச் சொன்னாலும் கொண்டுவந்து விடுவார்.

பிரேசர் டவுனுக்குக் கோடு கிழித்த அதே காலத்தில், கடல் கடந்த மற்றொரு நகரம் தன் விளிம்பைப் பற்றி நேர்மாறான முடிவொன்றைச் செய்தது. ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா. அதன் வடமேற்கு எல்லையில் கிரின்சிங் என்றொரு சிற்றூர். தலைமுறை தலைமுறையாகத் திராட்சை பயிரிட்டு ஒயின் இறக்குவதே அவ்வூராரின் பிழைப்பு. 1784-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் ஓர் ஆணை பிறப்பித்தார். குடியானவன் தான் விளைவித்த பொருளையும் தான் இறக்கிய ஒயினையும் தன் வீட்டு வாயிலிலேயே, தான் விரும்பிய விலைக்கு, எக்காலத்திலும் விற்கலாம் என்பதே அது. அன்று முதல் கிரின்சிங்கில் வாயிலில் பசுந்தழைக் கொத்தொன்று தொங்கினால் அவ்வீட்டில் அவ்வாண்டின் புது ஒயின் உண்டு என்று பொருள். 1892-இல் கிரின்சிங் வியன்னாவோடு இணைக்கப்பட்டது. 1905-இல் வியன்னா நகரசபை, ஊரைச் சுற்றியுள்ள காடும் புல்வெளியும் வீடாகிவிடக் கூடாது எனத் தீர்மானித்து, பசுமை வளையம் ஒன்றை வகுத்தது. இன்றும் அம்மாநகரத்தின் எல்லைக்குள்ளேயே 500 ஹெக்டேருக்குமேல் திராட்சைத் தோட்டம் உண்டு. அதன் கொடி நகர வேண்டிய தேவை நேரவில்லை. நகரெல்லையில் கொடி நிலைக்க வேண்டுமானால் மண்ணும் மழையும் மட்டும் போதா. விளைந்ததை விற்கும் உரிமையும், நிலம் நிலமாகவே இருக்கும் உறுதியும் வேண்டும். பெங்களூர்க் குடியானவனுக்கு இவ்விரண்டில் எது, எப்பொழுது, எவ்வளவு கிடைத்தது என்று பார்ப்போம்.

மண்ணும் காற்றும் அவனுக்குக் குறைவின்றிக் கிடைத்தன. கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டு நிலம். கோடையிலும் வெப்பம் 36 பாகையைத் தாண்டுவது அரிது. குளிர்காலத்திலும் கொடி உறங்கிப்போகும் அளவுக்குக் குளிர்வதில்லை. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் இலையுதிர்ந்து உறங்கும் கொடி, இங்கே உறங்குவதே இல்லை. ஆகையால் அதை எழுப்புவதும் அடக்குவதும் கவாத்துக் கத்திதான். சித்திரையை ஒட்டி ஒரு கவாத்து, ஐப்பசியை ஒட்டி ஒரு கவாத்து. பெங்களூர் புளூவோ அந்தந்தக் கவாத்துக்கு அந்தந்த விளைச்சலைத் தந்து ஆண்டுக்கு இருமுறை காய்க்கும். இபன் பதூதா கண்ட வியப்பு இதுவே. மாசி, பங்குனியில் வரும் காய்ப்பே இனிப்பு மிகுந்தது. மழைக்காலக் காய்ப்பு சற்றுப் புளிக்கும்.

வட்டாரத்தில் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் கருங்கல்லைத் தூணாக வெட்டி வரிசையாக நட்டு, ஆள் உயரத்துக்குமேல் கம்பி இழுத்துப் பந்தலிட்டுக் கொடியைப் படரவிடுவார்கள். நம் ஊர் அவரைப் பந்தலைப் பெரிதாக்கிக் கல்லில் செய்தாற்போல் இருக்கும். நடுப்பகலிலும் உள்ளே பச்சை நிழல். தலைக்குமேல் கொத்துக் கொத்தாகப் பழம். பறவைக்கண் நோயை இவ்வகை நன்கு தாங்கும்; ஆனால் மழை நாளில் அடிச்சாம்பல் நோய் எளிதில் பற்றும். அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையைத் தெளிப்பார்கள். பிரான்சின் போர்டோ நகரத்துத் தோட்டங்களில் 1880-களில் கண்டறிந்த மருந்து அது. பிரான்சு விலக்கிய கொடியைப் பிரான்சின் மருந்தே தேவனஹள்ளியில் காக்கிறது.

விற்கும் உரிமை பெயரளவில் இருந்தது, வழிதான் இல்லை. திராட்சை காத்திருக்கும் பண்டமன்று. பறித்த சில நாளில் விற்றாக வேண்டும், இல்லையேல் எருக்குழிதான். இதனை உணர்ந்த கமிஷன் மண்டிக்காரர், கூடை வந்து இறங்கும் வரை பொறுத்திருந்து பின்னர் விலை சொல்வார். குடியானவன் கூடையைத் திரும்ப ஏற்றிச் செல்லவா முடியும்? இத்துன்பத்திலிருந்து பிறந்ததே 1959-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பெங்களூர்த் திராட்சை விளைவிப்போர் கூட்டுறவு விற்பனை, பதனிடு சங்கம். லால்பாகை மையமாகக் கொண்டு மைசூர் மாநிலத் தோட்டக்கலைத் துறையை வளர்த்த டாக்டர் எம். எச். மரிகவுடா இதற்கு ஊக்கமளித்தவர். திராட்சைக்காகத் தோன்றிய சங்கம் பின்னர்ப் பிற கனிகளையும் காய்கறிகளையும் ஏற்றுக்கொண்டு பெயரும் மாறியது. பெங்களூரில் வாழ்ந்த தமிழருக்கு அதன் இன்றைய பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை: 'ஹாப்காம்ஸ்'. நிறுத்த எடையும் எழுதிப் போட்ட விலையுமாக, பேரத்துக்கு இடமில்லாத தெருவோரக் கடைகள். நம் இல்லத்தரசிகள் வெண்டைக்காய் வாங்கும் அக்கடை திராட்சைக் கொடியில் காய்த்தது என்பதைப் பலர் அறியார். ஆண்டுதோறும் திராட்சைக் காலத்தில் அச்சங்கம் திராட்சை, தர்ப்பூசணி மேளா நடத்துவது பழைய உறவின் நினைவு போலும்.

அறிவியலாரும் இக்கொடியைக் கைவிட்டாரில்லை. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் 1967-இல் தோன்றிய இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், பெங்களூர் புளூவைப் பெற்றோருள் ஒன்றாகக் கொண்டு புதிய வகைகளை உண்டாக்கியது. பிளாக் சம்பாவோடு சேர்த்தது 'அர்க்கா ஷியாம்'. 'கான்வென்ட் லார்ஜ் பிளாக்' என்னும் வகையோடு சேர்த்தது 'அர்க்கா திருஷ்ணா'. புதியவை வந்தபோதும் குடியானவர் பழையதைக் கைவிடவில்லை; அதன் உறுதி அத்தகையது.

ஒயினுக்கு வருவோம். நேயர்களுள் சிலர் இதற்காகவே பொறுமையோடு காத்திருக்கக்கூடும்; வேறு சிலர் இதைச் சொல்லாமலே முடித்துவிடமாட்டாரா என்று எண்ணக்கூடும். சென்னை மாகாணம் முழுவதும் 1948 முதல் மதுவிலக்கு நடைமுறையில் இருந்து 1971-இல் தளர்ந்தது. அக்காலத்தில் வளர்ந்த தலைமுறைக்கு 'ஒயின்' என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் வழக்கம். பிரேசர் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் வட்டாரத்து ஆங்கிலோ-இந்தியர், கிறித்தவர் இல்லங்களிலோ அது கிறிஸ்துமஸ் பலகாரங்களில் ஒன்று. கறுப்புத் திராட்சையை ஈரம் போகத் துடைத்து, சர்க்கரையும் ஈஸ்டும் ஒருபிடி கோதுமையும் சேர்த்து, பீங்கான் ஜாடியில் இட்டு வாயைத் துணியால் வேடு கட்டி, இருட்டு மூலையில் வைத்துவிடுவார்கள். நாள்தோறும் மரக்கரண்டியால் ஒருமுறை கிளறுவது வீட்டு மூதாட்டியின் உரிமை. வேறு எவரும் தொடலாகாது. ஏறத்தாழ மூன்று வாரத்தில் வடிகட்டினால் செந்நீல நிறத்தில் இனிக்கும் ஒயின். பிரெஞ்சுக்காரர் பழித்த காட்டு மணத்தைத்தான் இங்கே விருந்தினர் முகர்ந்து மகிழ்கின்றனர். கோவாவில் 'போர்ட்' என்ற பெயரில் விற்கும் இனிப்பு ஒயினுக்கும் இப்பழம் இங்கிருந்து போகிறது.

உயர்ந்த ரக ஒயினுக்கு இது ஆகாது என்பது வல்லுநர் கருத்து. சர்க்கரை குறைவு, புளிப்பு மிகுதி, மணமோ முரட்டு மணம் என்பர். ஆகவே கன்வல் குரோவர் என்னும் தொழிலதிபர், பிரான்சின் ஷாம்பெயின் நாட்டு வல்லுநர் ஜார்ஜ் வெசலின் துணையோடு ஆய்ந்து, நந்தி மலையின் அடிவாரத்தில் பிரெஞ்சு வகைக் கொடிகளைக் கொணர்ந்து நட்டார். 1988-இல் நிறுவனம் தோன்றி, 1992-இல் முதல் ஒயின் வெளிவந்தது. நந்தியோ பழம்பெரும் ஊர். அங்குள்ள போகநந்தீசுவரர் கோயில் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. 2007-இல் கர்நாடக அரசு திராட்சைப் பதப்படுத்தலுக்கும் ஒயினுக்குமெனத் தனிக் கொள்கையொன்றை அறிவித்தது. இரண்டாம் ஜோசப்பின் ஆணைக்கு 223 ஆண்டு பிந்தியது அது. ஆயினும் இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. வியன்னாவின் ஆணை கொடி வைத்திருந்தவனுக்கு. நம் கொள்கையின் பயன் முதலில் சேர்வதோ ஆலை வைத்திருப்பவருக்கு. பழத்தை ஆலைக்கு விற்கும் குடியானவன் முன்போலவே விலை கேட்டு நிற்பவன்தான்.

அதன் விளைவை 2020-இல் கண்கூடாகக் கண்டோம். மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு. பந்தல்களிலே பழம் கனிந்து தொங்கும் பங்குனி மாதம் அது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் போகும் லாரிகள் நின்றன, சந்தைகள் மூடின, ஆலைகளும் ஓயவே, சிக்கபள்ளாபூர்ப் பகுதியில் பலர் பழத்தைக் கொடியிலேயே விட்டனர், சிலர் குழியில் கொட்டினர்.

நிலத்தின் கதை இன்னும் விரைவானது. 1986-இல் பெங்களூர் மாவட்டம் நகரம், ஊரகம் என இரண்டாகப் பிரிந்தபோது கொடி ஊரகத்தின் பங்கில் சேர்ந்தது. 2007-இல் ஏழு நகரசபைகளையும், ஒரு பேரூரையும், 110 சிற்றூர்களையும் விழுங்கி மாநகராட்சி பெருத்தது. 2008 மே மாதம் தேவனஹள்ளியில் ஏறத்தாழ 4,000 ஏக்கரில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. திப்பு சுல்தான் பிறந்த கோட்டையூர் என்றும் சக்கோத்தா என்னும் பம்பளிமாசுக்குப் பேர்பெற்ற ஊர் என்றும் அதுவரை அறியப்பட்ட தேவனஹள்ளிக்கு, நில விலை என்னும் மூன்றாவது புகழ் வந்தது. 2013-இல் பெங்களூர் புளூவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்ன நிலத்தில் விளைந்தாலன்றி இப்பெயர் வழங்கலாகாது என்பதே அதன் பொருள். பெயருக்கு வேலி கிடைத்தது. நிலத்துக்கு எவரும் வேலி இடவில்லை.

நீரும் ஆழத்துக்குப் போய்விட்டது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இம்மேட்டில் ஏரியும் கிணறும் பொய்த்தபின், 1,000 அடிக்கும் கீழே துளையிட்டு நீர் இறைக்கின்றனர். 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரை இருநிலை சுத்தம் செய்து கோலார் ஏரிகளுக்குக் குழாயில் அனுப்பத் தொடங்கினர். பின்னர் ஹெப்பாள், நாகவாரப் பள்ளத்தாக்கின் நீர் சிக்கபள்ளாபூர்ப் பக்கத்து ஏரிகளுக்கும் சென்றது. வறண்ட ஏரி நிரம்பியது கண்டு மகிழ்ந்தவரும் உண்டு. மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. நாம் குளித்துக் கழித்த நீர் ஏதோ ஒரு வழியில் வடக்கே சென்று, மாசியில் பழமாகத் தள்ளுவண்டி ஏறி நம் தெருவுக்கே திரும்புகிறது என்று எண்ணிப் பார்க்கையில் வியப்பும் கூச்சமும் ஒருங்கே எழுகின்றன.

தேவனஹள்ளி வட்டத்தில் சன்னராயப்பட்டணம் ஹோப்ளி என்றொரு பகுதி. கேழ்வரகும், மல்பெரியும், பூவும், காய்கறியும், திராட்சையும் விளையும் பூமி. அங்கே 13 சிற்றூர்களில் 1,777 ஏக்கரைத் தொழிற்பேட்டைக்கென எடுத்துக்கொள்ள அரசு முற்பட்டது. 2022 ஏப்ரலில் ஊரார் அறப்போராட்டம் தொடங்கினர். 1,000 நாளுக்கு மேலும் அது நீண்டது. 2025 ஜூலை 15-ஆம் நாள் அத்திட்டத்தைக் கைவிடுவதாக மாநில அரசு அறிவித்தது. விரும்பிக் கொடுக்க முன்வருவோரின் நிலம் மட்டும் பெறப்படும் என்றும் அவ்வறிவிப்பு கூறியது. ஆகவே முடிவு இனி ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் தனித்தனியே செய்யப்பட வேண்டியதாயிற்று. தந்தை நட்ட கல்தூணையும், மகனுக்கு நகரத்தில் கிடைத்த வேலையையும், தரகர் சொல்லும் விலையையும், ஆழத்துக்குப் போய்விட்ட நீரையும் வைத்து அவர்கள் கணக்குப் போட வேண்டும். ஐப்பசிக் கவாத்துக்கு அப்பொழுது இன்னும் மூன்று மாதம் இருந்தது.